முந்நூற்றுப் பத்து மில்லி

1979ஆம் ஆண்டு ஜனவரி 8, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். பனி இன்னும் விலகவில்லை. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரமும் குளிரும் கலந்திருந்தன. சரக்கு அறைச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி இருபது டிகிரி காட்டியது. அந்த எண்ணையும் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு, ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி அளவு ஜாடியை மேசைமேல் நிறுத்தி, அதன் கோடுகளுக்கு நேராக என் கண் வரும்படி தரையில் மண்டியிட்டேன். ஜாடிக்குள் ஜெரேனியம் வாசனை எண்ணெய் இருந்தது. எண்ணெய் சுவரோரத்தில் கொஞ்சம் ஏறி நடுவில் பள்ளமாகத்தான் நிற்கும். பள்ளத்தின் அடியைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும். இதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. ஏழு வகை எண்ணெயின் ஏழு டப்பாக்களையும் அளந்து முடித்துக் கூட்டிப் பார்த்தபோது பத்தொன்பது லிட்டர் அறுநூற்றுத் தொண்ணூறு மில்லி வந்தது. இருக்க வேண்டியது இருபது லிட்டர். முந்நூற்றுப் பத்து மில்லி குறைந்தது. மறுபடி அளந்தேன். மூன்றாம் முறையும் அளந்தேன். குறைந்தது குறைந்ததுதான்.

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு அருகே ஒரு பழைய வீட்டில் நடந்துவந்த ஊதுபத்திப் பட்டறையில் நான் அப்போது சரக்குக் கணக்கன். வயது நாற்பத்தொன்று. முதலாளியை நாங்கள் மிசியே என்றுதான் கூப்பிடுவோம். சைகோனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிரெஞ்சுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய தமிழர். கோபம் வந்தால் பிரெஞ்சிலும் சிரிப்பு வந்தால் தமிழிலும் பேசுவார். பின்கட்டில் இருபத்து மூன்று பெண்கள் உட்கார்ந்து பத்தி உருட்டுவார்கள். காய்ந்த பத்திகளை வாசனைக் கலவையில் தோய்த்தெடுப்பது கடைசி வேலை. அந்தக் கலவையைச் செய்பவர் ஒரே ஒருவர்தான். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அப்போது அவருக்கு ஐம்பது வயது. கணவர் இல்லை, ஒரே மகள். லாவெண்டர், ஜெரேனியம், வெட்டிவேர், புதினா, யூகலிப்டஸ், கிராம்பு, பிறகு மிசியே பிரான்சிலிருந்து வரவழைத்து 'சோஜ்' என்று செல்லமாகச் சொல்லும் ஒரு மூலிகை எண்ணெய், இந்த ஏழும் அவர் பொறுப்பு. கலவை அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். இருப்பு எடுப்பதற்கு மட்டும் முன்கூட்டியே டப்பாக்களைச் சரக்கு அறையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

அந்த அறையில் மின்விசிறி கிடையாது. காற்று பட்டால் எண்ணெய் ஆவியாகிப் போகும் என்று மிசியே விசிறி போட விடவில்லை. ஒரே ஜன்னல், அதையும் பாதிதான் திறக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. மாதவிடாய் நிற்கிற வயதில் ஒரு பெண்மணி நாள் முழுக்க அந்த அறைக்குள் எப்படி இருந்தார் என்பதை அப்போது நான் யோசித்ததில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று பேச்சு நிற்கும். கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல முகத்துக்கு ஏறும். நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாகப் பூக்கும். இரண்டு நிமிடம், அதிகம் போனால் நான்கு. (ஒரு நாள் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.) பிறகு எல்லாம் வடிந்து, உடம்பு சில்லிட்டுச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொள்வார். பின்கட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். "அக்காவுக்கு மறுபடி சித்திரை பொறந்துடுச்சுடி" என்பாள் ஒருத்தி. அக்காவும் விடமாட்டார். "சிரிங்கடி சிரிங்க. ஒவ்வொருத்தி வீட்டுக்கும் வரும் இந்தச் சித்திரை. அப்ப எங்கிட்டதான் வரணும்."

அவரிடம் போகத்தான் செய்தார்கள். ஒரு டப்பா காலியானால் அதன் உட்சுவரில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவிழ்த்து எவ்வளவு நேரம் வைத்தாலும் வடியாது. அக்கா அதற்குள் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நல்லெண்ணெயை ஊற்றி, மூடிபோட்டுச் சுற்றிச் சுற்றிக் குலுக்கி, சின்னப் புட்டிகளில் வடித்துக்கொள்வார். இதற்குக் 'கழுவல்' என்று பெயர். எனக்கு முன்பிருந்த கணக்கர் காலத்திலிருந்தே கழுவல் கலவைக்காரருக்கு உரியது. எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் யாரும் கேட்டதும் இல்லை. ஒவ்வொரு எண்ணெயின் கழுவலையும் தனித்தனியாக வைத்திருந்து அக்கா இரண்டு கலவைகள் செய்வார். ஜெரேனியமும் லாவெண்டரும் வெட்டிவேரும் 'சோஜ்' கொஞ்சமும் சேர்ந்தது அந்தத் திடீர்க் காந்தலுக்கு. அதைப் பிடரியிலும் மணிக்கட்டிலும் தொட்டு வைத்துக்கொள்வார். புதினாவும் யூகலிப்டஸும் கிராம்பும் சேர்ந்தது வலிக்கு. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பத்தி உருட்டும் பெண்களுக்கு இடுப்பும் கைமூட்டும் போய்விடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அக்காவிடம் போய் நிற்பார்கள். காசு வாங்கமாட்டார். காலிப் புட்டி மட்டும் கொண்டுவரச் சொல்வார்.

நானும் கொண்டுபோயிருக்கிறேன். குனிந்தே எழுதி எனக்குக் கழுத்து வலி. "இன்னா தம்பி, தலைய ஒரு பக்கமா வச்சிகினு நடக்கறீங்க, கோழி மாதிரி" என்று அவரே கேட்டு, அவரே ஒரு புட்டி கொடுத்தார். "அப்பிடியே ஊத்திக்காதீங்க. அஞ்சு சொட்டு. தேச்சிட்டு கண்ணுல கை வைக்காதீங்க, அப்பறம் எங்கிட்ட அழுவாதீங்க." ஐந்து சொட்டுதான் எண்ணிப் போட்டேன். இரண்டு வாரத்தில் கழுத்து திரும்பியது. அந்தப் புட்டி என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் பாதி நிறைந்து இருந்தது. ஜனவரி 8ஆம் தேதியன்றும் இருந்தது.

முந்நூற்றுப் பத்து மில்லி குறைந்ததும் நான் முதலில் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். 'அக்கா, இவ்வளவு குறையுது, எங்க போச்சுன்னு பாப்போம்' என்று ஒரு வார்த்தை. அவர் இன்னும் வேலைக்கு வந்திருக்கவில்லை. எட்டு மணிக்குத்தான் வருவார். அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். ஆனால் எனக்குக் கணக்குக் குறைந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். குறைவை யாராவது என் தலையில் கட்டிவிடுவார்களோ என்கிற பயம் வேறு. ஏழே முக்காலுக்கு மிசியே வந்ததும் பதிவேட்டோடு போய் நின்றுவிட்டேன். அவர் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். எண்ணைப் பார்த்தார். "உன் கணக்கு தப்புமா?" என்றார். "தப்பாது மிசியே" என்றேன். "சாவி யாரிடம்?" அவருக்கே தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்லவைத்தார்.

அக்கா வந்ததும் மிசியே கூப்பிட்டனுப்பினார். அறையில் நாங்கள் மூவர். கதவுக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். அந்தக் குளிரில் எல்லோரும் தலையில் துண்டோ தோளில் சால்வையோ போட்டிருந்தார்கள். மிசியே விஷயத்தைச் சொன்னார். அதட்டவில்லை, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் கழுத்தில் அந்தச் சிவப்பு ஏறுவதை நான் பார்த்தேன். பதற்றம் வந்தால் அதுவும் வரும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். முகம் சிவந்தது. நெற்றியில் வேர்வை பூத்தது, வழிந்தது, மோவாயிலிருந்து சொட்டியது. தலைப்பால் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது. மிசியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளிர்ல ஏன் இப்பிடி வேர்க்குது உனக்கு?"

இரண்டு ஆண்களுக்கு முன்னால், அதிலும் முதலாளிக்கு முன்னால், தூரம் நிற்கிற வயது, அதனால் வேர்க்கிறது என்று அந்தக் காலத்துப் பெண்மணி எப்படிச் சொல்வார்? அக்கா என்னைப் பார்த்தார். அது என்ன வேர்வை என்று எனக்குத் தெரியும். எத்தனை நிமிடத்தில் அடங்கும் என்றுகூடத் தெரியும். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

மிசியே பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே சாப்பாட்டுத் தூக்கு, ஒரு கைத்துண்டு, ஐந்து சின்னப் புட்டிகள். அக்கா புட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். "இது கழுவல், மிசியே. காலி டப்பாவுல ஒட்டினது. நல்லெண்ணெய் போட்டு எடுத்தது. மோந்து பாருங்க தெரியும். தம்பிக்கும் தெரியும்."

மிசியே என் பக்கம் திரும்பினார். என் வாழ்க்கையில் என்னை ஒருவர் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு நான் சொன்ன பதிலால் இன்னொருவரின் சோறு போனது என்றால் அது அந்த ஒரு முறைதான்.

"கழுவல்னு சொல்லிக் கேட்டிருக்கேன், மிசியே. நான் அளந்ததில்ல."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கழுவலை நான் அளந்ததே இல்லை. கதவருகே நின்ற மூத்த பெண் ஒருத்தி, "அது எங்க இடுப்புக்கும் கைக்கும் குடுக்கறது மிசியே, வேற ஒண்ணுமில்ல" என்றாள். "அப்ப எல்லாருக்கும் இதில பங்கா?" என்று மிசியே கேட்டதும் கதவருகே ஒருவரும் இல்லை. அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வேர்வை அடங்கி உடம்பு சில்லிட்டிருக்க வேண்டும், தலைப்பைப் போர்த்திக்கொண்டார். என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"ஒரு நாளாவது அளந்து பாத்திருக்கலாம், தம்பி."

தூக்கை எடுத்துக்கொண்டு போனார். புட்டிகளை எடுக்கவில்லை. அந்த அறையிலிருந்து தெருக்கதவுக்குப் பதினேழு காலடி. அத்தனையும் என் காதில் விழுந்தது.

கொஞ்ச நாள் என் மனம் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் ஜாடியை நினைத்துச் சமாதானம் செய்துகொள்வேன். நான் யாரையும் திருடி என்று சொல்லவில்லை, ஜாடி காட்டியதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். குறைவு கண்ட பிறகு மிசியே வருடத்துக்கு இரண்டு முறை இருப்பு எடுக்கச் சொன்னார். அடுத்தது மே 14. அதுவும் திங்கட்கிழமை. கலவை அறைக்கு வந்த புதிய ஆள் சாப்பிடப் போய்விட்டுத் தாமதமாக வந்ததால் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் ஆரம்பித்தேன். கத்திரி வெயில். வெப்பமானி முப்பத்தெட்டு. வழக்கம்போல ஓரத்தில் எழுதினேன். அந்த நான்கு மாதத்தில் ஆறு லிட்டர் செலவாகியிருந்தது. மீதி பதின்மூன்று லிட்டர் அறுநூற்றுத் தொண்ணூறு இருக்க வேண்டும். இருந்தது பதின்மூன்று லிட்டர் தொள்ளாயிரம். இருநூற்றுப் பத்து மில்லி கூடியிருந்தது.

யாரும் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றமாட்டார்கள். மூன்று முறை அளந்தேன். பிறகு பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அக்கா காலத்தில் கடைசியாகச் சரக்கு வந்திறங்கியது அதற்கு முந்தைய மே மாதம், நடுப்பகல். அறையெல்லாம் மணக்கக் கூடாதென்று அந்த முறை மட்டும் முற்றத்து வெயிலில் வைத்து நான்தான் அளந்து வாங்கியிருந்தேன். ஓரத்தில் என் கையெழுத்திலேயே முப்பத்தெட்டு என்று இருந்தது. ஜனவரிப் பக்கத்தின் ஓரத்தில் இருபது. இரண்டு எண்களையும் எழுதியவன் நான். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்ததில்லை. வெயிலில் எண்ணெய் விரியும், குளிரில் சுருங்கும். நிறுத்து வாங்கியிருந்தால் ஒரு குறைவும் வந்திருக்காது. எங்கள் பட்டறையில் ஜாடிதான் வழக்கம். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். பதின்மூன்று லிட்டர் சொச்சத்துக்கு இருநூற்றுப் பத்து ஏறினால் பத்தொன்பது லிட்டர் சொச்சத்துக்கு முந்நூற்று இரண்டு. மிச்சம் எட்டு மில்லி. அது ஏழு டப்பாவையும் ஜாடியில் ஊற்றி எடுத்தபோது என் ஜாடிச் சுவரில் ஒட்டியது. அக்கா எடுத்தது ஒன்றுமில்லை. ஒரு சொட்டும் இல்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மிசியேவிடம் போக எழுந்தேன். உண்மையிலேயே எழுந்தேன். 'உன் கணக்கு தப்புமா' என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை இதை எழுத வேண்டி வந்திருக்காது. கூடுதல் கணக்கில் தெரிந்தால் கேள்வி வரும். ஆகவே ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் முப்பது மில்லி வீதம், ஏழு டப்பாவிலிருந்தும் இருநூற்றுப் பத்து மில்லியை ஜாடியில் எடுத்து, பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் விட்டேன். இருப்பு சரியாக வந்தது. அக்கா எடுக்காததை நான் எடுத்துக் கொட்டினேன். இரண்டு நாளுக்குப் பின்கட்டு முழுவதும் ஜெரேனியமும் லாவெண்டரும் மணத்தன. உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். "அக்கா வந்துட்டுப் போனாப்ல இருக்குதுடி" என்றாள் ஒருத்தி. நான் தலைநிமிரவில்லை.

ஐந்து வருடம் கழித்துப் பட்டறையை மூடிவிட்டு மிசியே மகனோடு பிரான்சுக்குப் போனார். வேண்டாத சாமான்களை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது நான் அந்த ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு மரக்கடையில் கணக்கெழுதப் போனேன்.

1987ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த வாரம். காலை ஆறே முக்கால். பனி. என் மனைவி சமையலறையில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்தேழு. நான் சால்வையோடு காப்பிக்குப் போய் நின்றேன். நறுக்கிய கை நின்றது. அவள் கழுத்திலிருந்து அந்தச் சிவப்பு ஏறியது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தலைப்பால் துடைத்துக்கொண்டு, "இன்னா பாக்கறீங்க? ஒரு மாசமா இப்பிடித்தான். உள்ள யாரோ அடுப்பு மூட்டறாப்ல இருக்குது" என்றாள். நான் காப்பி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு தூக்கம் போனது, மூட்டுகள் பிடித்துக்கொண்டன, சின்னச் சொல்லுக்கும் அழுகை வந்தது. டாக்டர், "வயசும்மா, தானா போயிடும்" என்று மாத்திரை கொடுத்தார்; அதில் தலைவலிதான் வந்தது. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாதான் சொன்னாள். "நோணாங்குப்பத்துல ஒரு அம்மா எண்ணெய் குடுக்கறாங்க. எனக்கு அதுதான் தூக்கம் குடுத்துச்சு. முன்ன ஊதுபத்திக் கம்பெனில இருந்தவங்களாம். எவனோ திருட்டுப்பட்டம் கட்டி அனுப்பிட்டானாம். அப்பறம் எந்தக் கம்பெனியும் சேக்கல. ரெண்டு வருஷம் ஊடு ஊடா சமைச்சுப்போட்டு மவள கரையேத்துனாங்க." என் மனைவி என்னைப் பார்த்தாள். பட்டறையில் ஓர் அக்கா இருந்ததும் போனதும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "உங்க பட்டறை அக்காவா இருக்குமோ?" என்றாள். "இருக்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓடங்கள் கட்டிக்கிடக்கும் கரையோரம் ஓட்டு வீடு. அக்காவின் தலை முழுதும் வெளுத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "வாங்க தம்பி. கழுத்து எப்பிடி இருக்குது?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். என் மனைவியைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நானும் படியேறப் போனேன். "பொம்பளைங்க பேசறோம், நீங்க வெளிய இருங்க. சும்மா நிக்காதீங்க, ஓடத்த எண்ணிக்கினு இருங்க." என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது, அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது ஓடம் இருந்தது. முக்கால் மணி நேரம் உள்ளே பேசினார்கள். ஜன்னல் வழியாக அக்காவின் குரல் மட்டும் வரும். "காந்தல் இதால நிக்கும்னு நான் சொல்லமாட்டேம்மா. அது நிக்கறப்ப தானா நிக்கும். இது கொஞ்சம் தணிக்கும், தூங்க விடும். ஒடம்புல அரிச்சா உடனே கழுவிட்டு விட்டுடு. ரத்தம் நின்னது மறுபடி பட்டா எங்கிட்ட வராத, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

பிறகு என்னையும் கூப்பிட்டார். பலகைமேல் சின்னச் சின்ன அத்தர் புட்டிகள். கடையில் வாங்கும் எண்ணெய், கழுவல் இல்லை. ஆசாரிகள் பொன் நிறுக்கும் தராசு ஒன்றை எடுத்துவைத்து, ஒரு தட்டில் புட்டியை நிறுத்தி நல்லெண்ணெயை ஊற்றினார். பிறகு ஜெரேனியம், லாவெண்டர், வெட்டிவேர். முள் நடுவில் நிற்கும்வரை ஒவ்வொன்றாகச் சொட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அளவு ஜாடி வச்சிக்கலியா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஜாடிய நம்பறதில்ல தம்பி" என்றார், முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வெயில்ல எண்ணெய் ஏறும், பனியில எறங்கும். எடை ஏறாது, எறங்காது."

"எப்ப தெரிஞ்சிது உங்களுக்கு?"

"வேலையில்லாம ஊட்டுல இருந்தேனே, அந்த மே மாசம். ஒரு புட்டி எண்ணெய்க்குக் கோடு போட்டு வச்சிருந்தேன். கோட்டுக்கு மேல நின்னுது." புட்டியை மூடி, துணியால் துடைத்து, அப்போதுதான் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சிது?"

எட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி அதுதான். கதவு திறந்திருந்தது. ஆறு பளபளத்தது. பக்கத்தில் என் மனைவி நின்றாள்.

"இப்ப, நீங்க சொல்லித்தான் அக்கா."

அவர் துணியால் தராசுத் தட்டையும் துடைத்தார். "அப்பிடியா" என்றார். அவ்வளவுதான். ஒரு புட்டிக்கு நான்கு ரூபாய். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதி வேண்டாம் என்றேன். அவர் உள்ளே போய் ஆறு ரூபாயை ஒன்றொன்றாக எண்ணி என் கையில் வைத்தார். "இருக்கட்டும் தம்பி. கணக்கு சரியா இருக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டை முகர்ந்துகொண்டே வந்தாள். "உள்ள இன்னா பேசினீங்க?" என்று கேட்டேன். எல்லாம் உடம்பைப் பற்றித்தான் என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். "ஒண்ணுமில்ல. 'உங்க ஊட்டுக்காரரு ரொம்ப சுத்தமா எழுதுவாரும்மா'ன்னு மட்டும் சொன்னாங்க."

அந்த எண்ணெய் என் மனைவிக்குக் கேட்டது. காந்தல் போகவில்லை, ஆனால் வந்தால் மணிக்கட்டை முகர்ந்துகொண்டு கண்மூடி உட்கார்ந்துவிடுவாள், அடங்கிவிடும். இரவு தூங்கினாள். எண்ணெய்தான் செய்ததா, அந்த முக்கால் மணி நேரப் பேச்சு செய்ததா என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு புட்டி ஆகும். அடுத்த புட்டியிலிருந்து நான் தனியாகத்தான் போனேன். போவதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன்: மே மாதம் முப்பத்தெட்டு, ஜனவரியில் இருபது, முந்நூற்று இரண்டு, எட்டு, சாக்கடையில் ஊற்றிய இருநூற்றுப் பத்து, மூன்றாவது இழுப்பறைப் புட்டி. வாயால் சொல்ல வராது, தாளை நீட்டிவிடலாம் என்று நினைத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். அவர் நிறுப்பார், புட்டியைத் துடைப்பார், "அம்மா தூங்கறாங்களா?" என்று கேட்பார். நான்கு ரூபாயைக் கொடுத்துவிட்டு, தாளோடு திரும்புவேன். மடிப்பில் கிழிந்ததால் இரண்டு முறை புதிதாக எழுத வேண்டியிருந்தது. இப்படிப் பதினோரு புட்டி. பன்னிரண்டாம் முறை, 1988 டிசம்பரில், கட்டாயம் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். வீடு பூட்டிக் கிடந்தது. மகள் வந்து நெய்வேலிக்குக் கூட்டிப் போய்விட்டாள் என்றார்கள். விலாசம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. பொங்கலுக்குள் அவர் தவறிவிட்ட செய்தியை மீன்கார அம்மாதான் கொண்டுவந்தாள்.

எனக்கு இப்போது எண்பத்து மூன்று. இன்றும் ஜனவரி எட்டு, பனி, என் அறை வெப்பமானி இருபத்தொன்று காட்டுகிறது. ஜாடி என் எதிரே இருக்கிறது. அதன் கோடுகள் பாதி அழிந்துவிட்டன. உள்ளே எண்ணெய் இல்லை. சுருட்டி நிறுத்திய அந்தத் தாள்தான் இத்தனை வருடம் இருந்தது, எழுநூறாம் கோடு வரைக்கும். காலையில் அதை வெளியே எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு இதை எழுத ஆரம்பித்தேன். ஏதாவது மணக்கிறதா என்று ஜாடிக்குள் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என் மனைவி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"காலங்காத்தால இன்னா எழுதறீங்க?"

"ஒரு பழைய கணக்கு."

"முடிஞ்சிதா? எவ்ளோ வந்துது?"

கூட்டிச் சொன்னேன். பதினோரு புட்டி, நான்கு ரூபாய் வீதம் நாற்பத்து நான்கு ரூபாய். முதல் முறை இருவரும் போய்வந்தது நான்கு டிக்கெட், பிறகு பதினோரு முறை நான் மட்டும் போய்வந்தது இருபத்திரண்டு டிக்கெட். இருபத்தாறு டிக்கெட், அறுபது பைசா வீதம் பதினைந்து ரூபாய் அறுபது பைசா. மொத்தம் ஐம்பத்தொன்பது ரூபாய் அறுபது பைசா.